பைத்தான் பில்டு கோப்புகளை வாசிக்கும் நூலகங்கள்: ஒரு வரலாறு

ஒரு பைத்தான் தொகுப்பை இன்னொருவர் கணினியில் நிறுவுவதற்கு முன் சில விவரங்கள் தெரிந்தாக வேண்டும்: தொகுப்பின் பெயர், பதிப்பு எண், அது வேலை செய்யத் தேவையான பிற தொகுப்புகள், சி மொழியில் எழுதிய பகுதி இருந்தால் அதைக் கம்பைல் செய்யும் முறை. இவற்றை எழுதி வைக்கும் இடமே பில்டு அமைப்புக் கோப்பு. அந்தக் கோப்பை வாசித்துப் பொருள் பிரித்துத் தரும் நூலகம் அளவில் சிறியது. சில நூறு வரிகளில் முடிந்துவிடும். ஆனால் நிறுவும் வேலை ஒவ்வொன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. பைத்தானில் இந்தக் கோப்பின் வடிவம் கால் நூற்றாண்டில் சில முறை மாறியிருக்கிறது. எந்த வடிவம் மேலானது என்ற விவாதங்களே வெளியில் அதிகம் பேசப்பட்டன. உண்மையில் ஒவ்வொரு மாற்றத்தையும் நகர்த்தியதும் தாமதப்படுத்தியதும், அந்த வடிவத்தை வாசிக்கும் நூலகத்தை யார் பராமரிப்பார்கள் என்ற கேள்விதான்.

கைடோ வான் ரோசம் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கிய பைத்தான் 1991இல் வெளியானது. அதன் முதல் பத்தாண்டில், எழுதியதைப் பிறருக்குக் கொடுப்பதற்குப் பொதுவான முறை எதுவும் இல்லை. ஒருவர் மேக்ஃபைல் எழுதினார். இன்னொருவர் ரீட்மீ கோப்பில் நான்கு வரி வழிகாட்டியோடு நிறுத்திக்கொண்டார். 1998 நவம்பரில் நடந்த பைத்தான் மாநாட்டில் இந்தக் குறை பேசப்பட்டது. கிரெக் வார்ட் தலைமையில் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற கருவி உருவாகி, 2000இல் பைத்தான் 1.6 பதிப்போடு நிலையான நூலகத்தில் சேர்ந்தது. தொகுப்பின் வேர்க் கோப்புறையில் செட்டப்.பை என்ற கோப்பை வைத்து அதை இயக்கினால் நிறுவல் நடக்கும். இந்த வழக்கம் அங்கிருந்து தொடங்கியது.

செட்டப்.பை தரவுக் கோப்பு அல்ல, முழு பைத்தான் நிரல். அன்றைய சூழலில் அது நல்ல முடிவு. விண்டோஸில் ஒரு கம்பைலர், யூனிக்ஸில் இன்னொன்று. ஒரு கணினியில் இருக்கும் சி நூலகம் அடுத்ததில் இருக்காது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நிரலாகவே எழுதுவதுதான் எளிது. இன்னொரு வசதியும் இருந்தது: வாசிப்பதற்கென்று தனிப் பகுப்பான் தேவையில்லை, பைத்தானே வாசித்துவிடும். தனிப் பகுப்பான் இல்லையென்றால் அதற்கு ஒரு பராமரிப்பாளரும் வேண்டியதில்லை. இதன் விலை பின்னால்தான் தெரிந்தது. ஒரு தொகுப்பின் பெயரையும் பதிப்பையும் அறிய வேண்டுமானால்கூட, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை இயக்கித்தான் ஆக வேண்டும்.

டிஸ்ட்யூட்டில்ஸ் கூடவே செட்டப்.சிஎஃப்ஜி என்ற துணைக் கோப்பையும் கொண்டுவந்தது. கட்டளைகளுக்கான விருப்பத் தேர்வுகளை அதில் எழுதலாம். அதை வாசித்தது பைத்தானோடு வரும் கான்ஃபிக்பார்சர். விண்டோஸின் பழைய ஐஎன்ஐ கோப்புகளைப் போல, சதுர அடைப்புக்குள் பகுதியின் பெயர், அதன் கீழே பெயரும் மதிப்புமாக வரிகள். மின்னஞ்சல் தலைப்புகளில் உள்ளதுபோல, உள்தள்ளி எழுதினால் முந்தைய வரியின் தொடர்ச்சி. இந்த எளிமையால் அது பரவியது. ஆனால் ஐஎன்ஐ வடிவத்துக்கு எழுதப்பட்ட இலக்கணம் எதுவும் கிடையாது. கான்ஃபிக்பார்சர் எதை ஏற்கிறதோ அதுவே இலக்கணம். எல்லா மதிப்புகளும் வெறும் எழுத்துச் சரங்கள். அது எண்ணா, பட்டியலா, ஆம்-இல்லையா என்பதை அழைக்கும் நிரல்தான் முடிவு செய்ய வேண்டும். விழுக்காட்டுக் குறிக்கு அதில் தனிப் பொருள் உண்டு என்பதால், அந்தக் குறியுள்ள இணைய முகவரியை எழுதியவர்கள் புரியாத பிழைச் செய்திகளைச் சந்தித்தார்கள்.

இலக்கணம் ஏட்டில் இல்லாமல் நிரலில் மட்டும் இருக்கும்போது, நிரலைத் திருத்தினால் மொழியே மாறிவிடும். 2011இல் வெளியான பைத்தான் 3.2க்காக வூகாஷ் லாங்கா கான்ஃபிக்பார்சரை விரிவாகச் சீரமைத்தார். அதுவரை ஒரு வரியின் நடுவே அரைப்புள்ளி வந்தால் அதற்குப் பிந்தையது குறிப்புரை என்று விடப்பட்டது. புதிய பதிப்பில் அந்த வழக்கம் இயல்பிருப்பாக இல்லை. ஒரே பெயர் ஒரு பகுதிக்குள் இருமுறை வந்தால் முன்பு பிந்தையது செல்லும், இப்போது பிழை. இரண்டும் நியாயமான திருத்தங்கள். ஆனால் ஒரே கோப்பைப் பைத்தான் 2.7 ஒருவிதமாகவும் 3.2 வேறுவிதமாகவும் வாசிக்கும் நிலை வந்தது. பழைய பைத்தானில் இருந்தவர்களுக்காகப் புதிய கான்ஃபிக்பார்சரின் பின்னோக்கிய நகல் ஒன்றும் தனித் தொகுப்பாக வெளியிட வேண்டியிருந்தது.

அதே சீரமைப்பில் சேஃப்கான்ஃபிக்பார்சர் என்ற வகுப்பின் பெயர் தேவையற்றதாகி, வழக்கொழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. எச்சரிக்கை 2011இல், நீக்கம் 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். அப்படியும் பல தொகுப்புகள் உடைந்தன. பதிப்பு எண்ணைத் தானாகக் கணக்கிட்டுத் தரும் வெர்ஷனீயர் என்ற கருவி, தன் நிரலையே ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் நகலெடுத்து வைக்கும் வகையைச் சேர்ந்தது. கருவியைத் திருத்தினாலும், முன்பு நகலெடுத்து வைக்கப்பட்ட பிரதிகள் தாமாகத் திருந்தா. அந்தப் பழைய பிரதிகள் சேஃப்கான்ஃபிக்பார்சரையே அழைத்துக்கொண்டிருந்தன. நிறுவும் நேரத்தில் அச்சாகும் எச்சரிக்கையை யாரும் வாசிப்பதில்லை என்பதைப் பராமரிப்பாளர்கள் இதைப் போன்ற பல நிகழ்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

2003இல் ரிச்சர்ட் ஜோன்ஸின் முயற்சியில் பைபிஐ என்ற பொதுத் தொகுப்புக் கிடங்கு வந்தது. 2004இல் ஃபிலிப் ஜே. ஈபி செட்டப்டூல்ஸை வெளியிட்டார். ஒரு தொகுப்பு தனக்குத் தேவையான பிற தொகுப்புகளைச் சொல்லவும், அவை தாமாக இறங்கவும் வழி பிறந்தது. 2008இல் இயன் பிக்கிங் தொடங்கிய பிப் அந்த வேலையை மேலும் எளிதாக்கியது. அப்போதுதான் செட்டப்.பையின் அடிப்படைக் குறை முழுதாக வெளிப்பட்டது. ஒரு தொகுப்பின் செட்டப்.பை இயங்குவதற்கே கணக்கீட்டு நூலகமான நம்பை வேண்டுமென்றால், அந்தத் தேவையை எங்கே எழுதுவது? செட்டப்.பைக்குள்தான். அதை அறிய செட்டப்.பையை இயக்க வேண்டும்; இயக்க நம்பை ஏற்கெனவே இருக்க வேண்டும். பெட்டியின் சாவி பூட்டிய பெட்டிக்குள்ளேயே கிடந்தது. செட்டப்டூல்ஸும் இதே சிக்கலில் இருந்தது: தன்னை முதல் வரியிலேயே இறக்குமதி செய்யும் கோப்பில் தன் தேவையை அறிவிக்க அதற்கு வழி இல்லை.

விவரங்களை நிரலிலிருந்து பிரித்து, இயக்காமலே வாசிக்கக்கூடிய கோப்பில் எழுத வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. டரேக் சியாடே 2009இல் பெப் 390 என்ற முன்மொழிவில் செட்டப்.சிஎஃப்ஜியையே அதற்குப் பயன்படுத்தலாம் என்றார். முன்மொழிவு ஏற்கப்படவில்லை. அவர் தலைமையில் நடந்த டிஸ்ட்யூட்டில்ஸ்2 திட்டம் அதே எண்ணத்தைத் தொடர்ந்தது. பேக்கேஜிங் என்ற பெயரில் பைத்தான் 3.3இல் சேர இருந்து, வேலை முடியாததால் 2012இல் வெளியீட்டுக்கு முன்பே நீக்கப்பட்டது. திட்டம் நின்றது, எண்ணம் நிற்கவில்லை. ஓப்பன்ஸ்டாக் குழுவின் பிபிஆர் என்ற கருவி அதைத் தன் வழியில் எடுத்துச் சென்றது. 2016 டிசம்பரில் செட்டப்டூல்ஸ் 30.3.0 பதிப்பு, பெயர், பதிப்பு, சார்புகள் ஆகியவற்றைச் செட்டப்.சிஎஃப்ஜியிலேயே அறிவிக்க இடம் கொடுத்தது. ஏழாண்டுகள் முன்பு முன்மொழியப்பட்டு, பின்னர் மறுக்கப்பட்ட வடிவம், சில மாறுதல்களோடு, எந்த முன்மொழிவும் இல்லாமலே வழக்கத்துக்கு வந்துவிட்டது.

அதற்குச் சில மாதங்கள் முன்பே வேறொரு பாதை திறந்திருந்தது. 2016 மே மாதம் பிரெட் கேனன், நத்தானியல் ஸ்மித், டொனால்ட் ஸ்டஃப்ட் மூவரும் எழுதிய பெப் 518, ஒரு தொகுப்பை உருவாக்க என்னென்ன கருவிகள் தேவை என்பதை மட்டும் சொல்ல ஒரு புதிய கோப்பை முன்வைத்தது. அந்தக் கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில்தான் விவாதம் நீண்டது. ஜேசன் வடிவத்துக்குப் பைத்தானில் பகுப்பான் உண்டு. ஆனால் அதில் குறிப்புரை எழுத முடியாது, மனிதர் கையால் திருத்தும் கோப்புக்கு அது பொருந்தாது. ஐஎன்ஐ வடிவத்துக்குப் பகுப்பான் உண்டு, இலக்கணம் இல்லை. யாமல் படிக்க இனிமையானது. ஆனால் அதன் விவரக்குறிப்பை அச்சிட்டால் 86 பக்கம் வரும், பைத்தானின் நிலையான நூலகத்தில் அதற்குப் பகுப்பானும் இல்லை. எஞ்சியது டாமல்.

யாமலை விலக்கியது சரிதான் என்பதற்குப் பின்னாளில் சான்றுகள் சேர்ந்தன. பைத்தானில் யாமலை வாசிக்கும் முதன்மை நூலகம் பையாமல். அது பின்பற்றும் 1.1 பதிப்பு இலக்கணத்தில் 'நோ' என்ற சொல் மறுப்பைக் குறிக்கும். நாடுகளின் சுருக்கக் குறியீடுகளை மேற்கோள் இல்லாமல் எழுதியவர்களின் பட்டியலில் நார்வே 'இல்லை' என்ற மதிப்பாகிவிட்டது. 2021 அக்டோபரில் பைத்தான் 3.10 வந்தபோது, தானியங்குச் சோதனைக் கோப்புகளில் 3.10 என்று எழுதியது தசம எண்ணாக வாசிக்கப்பட்டு 3.1 ஆனது; கிடைக்காத பழைய பைத்தானைத் தேடிச் சோதனைகள் தோற்றன. இவை வேடிக்கையானவை. வேடிக்கையல்லாதது, பையாமலின் சாதாரண 'லோடு' அழைப்பு, கோப்பில் எழுதப்பட்டிருக்கும் எந்தப் பைத்தான் நிரலையும் இயக்கக்கூடியதாக இருந்ததுதான். அதை மாற்றினால் பழைய நிரல்கள் உடையும், மாற்றாவிட்டால் பாதுகாப்பு ஓட்டை. 2019இல் 5.1 பதிப்பு எச்சரிக்கை தந்தது, 2021இல் 6.0 பதிப்பு, எந்த ஏற்றியை (லோடர்) பயன்படுத்துவது என்று வெளிப்படையாகச் சொல்வதைக் கட்டாயமாக்கியது. உடைவுக்கு அஞ்சிப் பலர் ஆறாம் பதிப்புக்குப் போகாமல் 5.4.1இலேயே நின்றார்கள். 2023 ஜூலையில், பைத்தான் நிரலைச் சி மொழிக்கு மாற்றும் சைத்தான் கருவியின் 3.0 பதிப்பு வெளியானது. 5.4.1இன் மூலத்தில், உருவாக்கச் சைத்தான் தேவை என்று மட்டும் இருந்தது. எந்தப் பதிப்பு வரை என்ற வரம்பு இல்லை. மூலத்திலிருந்து பையாமலை உருவாக்கியவர்களுக்கு அது ஒரே நாளில் நின்றுபோயிற்று. ஆறாம் பதிப்பில் வரம்பு சேர்த்து 6.0.1 வெளியிடப்பட்டது. நிலைத்த இடம் என்று நம்பி நின்றவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

டாமல் வடிவத்தை 2013இல் தொடங்கியவர் கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர். தன் பெயரையே அதற்கு வைத்தார். பார்வைக்கு ஐஎன்ஐ போலிருக்கும். ஆனால் எண், சரம், ஆம்-இல்லை, தேதி, பட்டியல், அட்டவணை என ஒவ்வொரு மதிப்புக்கும் வகை உண்டு, எழுதப்பட்ட இலக்கணமும் உண்டு. ஒரே சாவி இருமுறை வந்தால் பிழை என்று இலக்கணமே சொல்கிறது. ஆண்ட்ரூ கேலன்ட் தொடங்கிய பொதுச் சோதனைத் தொகுதி ஒன்றால், எந்த மொழியில் எழுதிய பகுப்பானும் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றுகிறதா என்று பார்க்க முடிந்தது. ஐஎன்ஐக்கு இல்லாமல் போன இரண்டும் இதற்கு அமைந்தன. ரஸ்ட் மொழியின் கார்கோ கருவி ஏற்கெனவே டாமலைத்தான் பயன்படுத்தியது. ஒரு குறை: 2016இல் டாமல் 0.4 பதிப்பில்தான் இருந்தது. இறுதியாகாத மொழியைத் தரமாக வைக்கிறோம் என்று தெரிந்தேதான் பெப் 518 ஏற்கப்பட்டது. கோப்பின் பெயர் பைப்ராஜெக்ட்.டாமல்.

முடிவு எடுத்தாயிற்று, வாசிப்பது எது? பைத்தானோடு டாமல் பகுப்பான் வரவில்லை. பிப்தான் நிறுவும் கருவி; அதற்குத் தேவையானதை அது வருவதற்கு முன்பே யாரும் நிறுவித் தர முடியாது. எனவே பிற நூலகங்களின் நிரலைத் தன்னுள்ளேயே நகலெடுத்து வைத்துக்கொள்வது அதன் வழக்கம். முதலில் அது பைடாமல் என்ற தனிநபர் நூலகத்தை எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் பைடாமலின் முகப்புப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: இத்திட்டம் இனிப் பராமரிக்கப்படவில்லை, 'டாமல்' என்ற பெயரிலான நூலகத்தைப் பயன்படுத்துங்கள். பிப் அதற்கு மாறியது. அந்த நூலகமும் 2020 நவம்பரில் 0.10.2 பதிப்போடு அமைதியாயிற்று. பைத்தான் உலகின் நிறுவல்கள் அத்தனையும் கடந்துபோகும் வாசலில், அடுத்தடுத்து இரண்டு முறை வாயிற்காவலர் இல்லாமல் போனார்.

இதற்கிடையே பைப்ராஜெக்ட்.டாமல் அதை எழுதியவர்கள் எண்ணியதைவிட வேகமாகப் பரவியது. பெப் 518இல் 'டூல்' என்ற அட்டவணைக்கு இடம் விடப்பட்டிருந்தது. பில்டுக்குத் தொடர்பில்லாத கருவிகளும் தங்கள் அமைப்புகளை அங்கே எழுதலாம். நிரலை அழகுபடுத்தும் பிளாக் அதை 2018இல் பயன்படுத்தத் தொடங்கியது. சோதனைக் கருவி பைடெஸ்ட் 2020இல் சேர்ந்தது. ஆனால் 2019 ஜனவரியில் வந்த பிப் 19.0, ஒரு தொகுப்பில் பைப்ராஜெக்ட்.டாமல் என்ற கோப்பு இருந்தாலே புதிய பில்டு முறைக்கு மாறியது. பிளாக்குக்காக வரி நீளத்தை மட்டும் எழுதக் கோப்பை வைத்தவர்கள், தங்கள் செட்டப்.பை திடீரெனத் தனிமைப்படுத்தப்பட்ட சூழலில் இயங்குவதையும், பக்கத்துக் கோப்பையே அதனால் இறக்குமதி செய்ய முடியாததையும் கண்டார்கள். அடுத்த மாதமே செட்டப்டூல்ஸ் 40.8.0 பழைய நடத்தையை அப்படியே காக்கும் ஒரு தனி வழியைச் சேர்த்தது. ஃபிளேக்8 கருவி இந்தக் கோப்பை ஏற்காமலே இருந்தது. நிலையான நூலகத்தில் பகுப்பான் இல்லாததும், கோப்பு இருந்தாலே பிப் நடந்துகொள்ளும் விதம் மாறுவதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அடங்கும். பிடிவாதம் என்று பலர் குறைகூறினார்கள்; ஆனால் அந்தக் காரணங்கள் இரண்டும் அன்று உண்மையாகவே இருந்தன.

2021 ஜனவரியில் டாமல் 1.0.0 வெளியானது. ஒரே பட்டியலில் எண்ணும் சரமும் கலந்து வரலாம் என்பது அதற்குள் சேர்ந்திருந்த மாற்றங்களில் ஒன்று. அமைதியாகிப்போன 'டாமல்' நூலகம் அதைப் பின்பற்றவில்லை. வழுக்களும் கோரிக்கைகளும் குவிந்தன. திறந்த மூலத்தில் இப்படிப்பட்ட நிலைக்கு எளிய பரிகாரம் கிடையாது. உரிமம் யாரையும் நகலெடுத்துத் திருத்த அனுமதிக்கும். ஆனால் பைபிஐயில் அந்தப் பெயர் அதன் உரிமையாளருடையது. கைவிடப்பட்ட பெயரை வேறொருவருக்கு மாற்ற பெப் 541 விதிகள் வகுத்திருக்கிறது; உரிமையாளரைத் தொடர்புகொள்ள முயல வேண்டும், காத்திருக்க வேண்டும், கேட்பவர் தகுதியைக் காட்ட வேண்டும். பல்லாயிரம் கணினிகளில் தானாக இறங்கும் பெயரை எளிதில் கைமாற்றுவது ஆபத்து என்பதால் அந்தக் கெடுபிடி அவசியம்தான். வேலையைச் செய்ய முன்வருபவருக்கோ, புதிய பெயரில் புதிய நூலகம் எழுதுவது அதைவிட விரைவாக முடியும் வழி.

டானெலி ஹுக்கினென் 2021இல் அதைத்தான் செய்தார். அவருடைய டாம்லி, டாமல் 1.0.0ஐ முழுமையாக வாசித்தது. தூய பைத்தானில், வேறெதையும் சாராமல், ஆயிரம் வரிகளுக்கும் குறைவாக இருந்தது. எழுதும் வசதி அதில் இல்லை. அது டாம்லி-டபிள்யூ என்ற தனித் தொகுப்பு. வெளியே தெரியும் செயல்கூறுகள் இரண்டே: ஒன்று கோப்பை வாசிக்கும், மற்றது சரத்தை வாசிக்கும். இந்தச் சிக்கனம் பராமரிப்பின் கணக்கில் போடப்பட்டது. ஒரு நூலகம் வெளியே காட்டும் ஒவ்வொரு வசதியும் பின்னாளில் மாற்ற முடியாத வாக்குறுதியாகிவிடும். ஒரு திருத்தம் மட்டும் பயனர்களிடம் முணுமுணுப்பை உண்டாக்கியது. 2021 டிசம்பரில் வந்த 2.0.0, கோப்பை இருமப் பாங்கில் மட்டுமே திறந்து தர வேண்டும் என்றது. டாமல் கோப்பு கட்டாயம் யூடிஎஃப்-8இல் இருக்க வேண்டும். விண்டோஸில் உரைப் பாங்கில் திறந்தால் வேறு குறிமுறையில் வாசிக்கப்படலாம், வரி முடிவுக் குறிகளும் வாசிக்கும் முன்பே மாற்றப்பட்டு, இலக்கணம் பிழை என்று சொல்வது கண்ணில் படாமல் போகலாம். பயனரின் கவனத்தை நம்புவதைவிட வாசலிலேயே தடுப்பது மேல் என்று நூலகம் முடிவு செய்தது.

ஆண்டு முடிவதற்குள் பிப், பைடெஸ்ட், மைபை, பிளாக், ஃபிளிட், கவரேஜ் ஆகிய கருவிகள் எல்லாம் டாம்லிக்கு மாறின. சுழற்சிச் சிக்கலும் புது வடிவில் வந்தது. டாம்லியின் தொகுப்பைப் பில்டு செய்யப் பயன்பட்ட கருவி ஃபிளிட். ஃபிளிட் வேலை செய்யப் பைப்ராஜெக்ட்.டாமலை வாசிக்க வேண்டும்; வாசிக்க டாம்லி வேண்டும். ஃபிளிட்டின் மையப் பகுதி டாம்லியின் நகலைத் தன்னுள் வைத்துக்கொண்டு சுழற்சியை அறுத்தது. ஒவ்வொரு பில்டு கருவியும் தனித்தனியாக இப்படி நகல் வைத்தால், ஒரு வழுவைத் திருத்த அத்தனை நகல்களையும் தேடிப் போக வேண்டும். வினியோகங்களுக்காக எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே உருவாக்கும் லினக்ஸ் பராமரிப்பாளர்களுக்கு இது கூடுதல் தலைவலி.

இந்தக் காரணங்களை முன்வைத்து 2022 ஜனவரியில் ஹுக்கினெனும் சாந்தனு ஜெயினும் பெப் 680ஐ எழுதினார்கள்: டாம்லியின் நிரலைப் பைத்தானின் நிலையான நூலகத்தில் சேர்க்க வேண்டும். பைத்தானின் வழிநடத்தும் குழு அதை ஏற்றது. 2022 அக்டோபர் 24 அன்று வெளியான பைத்தான் 3.11இல் அது டாமல்லிப் என்ற பெயரில் வந்தது. 'டாமல்' என்றே ஏன் வைக்கவில்லை என்பதற்குப் பழைய நூலகமே காரணம். நிலையான நூலகத்தின் பெயர் எப்போதும் முந்திக்கொள்ளும். அந்தப் பெயரைச் சூட்டியிருந்தால் பழைய நூலகத்தை அழைக்கும் நிரல்கள் எல்லாம் புதியதைப் பெற்று, செயல்கூறுகள் பொருந்தாமல் உடைந்திருக்கும். பராமரிப்பு நின்ற பின்னும் ஒரு நூலகம் தன் பெயரால் மொழியின் முடிவைக் கட்டுப்படுத்தியது.

எழுதும் வசதியை டாமல்லிப் வேண்டுமென்றே விட்டுவிட்டது. வாசிப்பதற்குச் சரியான விடை ஒன்றுதான், எழுதுவதற்குப் பல. பட்டியலை ஒரே வரியில் எழுதுவதா பல வரிகளிலா, பயனரின் குறிப்புரைகளைக் காப்பதா, வரிசையை மாற்றலாமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அதைச் செய்யும் டாம்ல்கிட் என்ற நூலகம் வெளியே இருக்கிறது. போயட்ரி கருவியை எழுதிய செபாஸ்டியன் யூஸ்டாஸின் ஆக்கம் அது. குறிப்புரையும் இடைவெளியும் குலையாமல் ஒரு வரியை மட்டும் மாற்றித் தரும். அதற்கேற்பச் சிக்கலானது, வேகமும் குறைவு.

நிலையான நூலகத்துக்குள் போவதால் பராமரிப்பாளர் காணாமல் போகும் அச்சம் தீர்ந்தது. அதற்கு ஈடாக, திருத்தங்கள் பைத்தானின் வெளியீட்டுக் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டன. பழைய பைத்தான் பதிப்புகளில் டாமல்லிப் கிடையாது. அதனால் டாம்லி தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது, பதிப்பு 3.11க்குக் கீழே என்றால் டாம்லி, இல்லையென்றால் டாமல்லிப் என்று பிரிக்கும் சில வரிகளை எண்ணற்ற திட்டங்களில் காணலாம்.

பைப்ராஜெக்ட்.டாமல் கோப்பின் உள்ளடக்கமும் இந்தக் காலத்தில்தான் ஒழுங்குக்கு வந்தது. பெப் 621, பெயர், பதிப்பு, சார்புகளை 'ப்ராஜெக்ட்' என்ற அட்டவணையில் எல்லாக் கருவிகளும் ஒரே விதமாக எழுத வகை செய்தது. செட்டப்டூல்ஸ் 2022 மார்ச்சில் 61.0 பதிப்பிலும், தனக்கென்று வேறு அட்டவணை வைத்திருந்த போயட்ரி 2025 ஜனவரியில் 2.0 பதிப்பிலும் அதை ஏற்றன. டிஸ்ட்யூட்டில்ஸ் 2023இல் பைத்தான் 3.12இலிருந்து நீக்கப்பட்டது, அதன் நகலைச் செட்டப்டூல்ஸ் தன்னுள் வைத்துப் பராமரிக்கிறது.

பழைய வடிவங்கள் வழக்கிலிருந்து போய்விடவில்லை. செட்டப்.சிஎஃப்ஜியில் 'டிஸ்கிரிப்ஷன்-ஃபைல்' என்று இடைக்கோடிட்டும் 'டிஸ்கிரிப்ஷன்_ஃபைல்' என்று அடிக்கோடிட்டும் எழுதலாம் என்றிருந்ததை, செட்டப்டூல்ஸ் 2021 மார்ச்சில் மாற்றத் தொடங்கியது. இடைக்கோடு வழக்கொழிந்தது என்ற எச்சரிக்கை அச்சானது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் 24 அன்று, 78.0 பதிப்பு அதைப் பிழையாக்கியது. ஒரு சில மணி நேரத்தில் ஏராளமான நிறுவல்கள் நின்றன. காரணம் பெப் 518 வழியே வந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. பழைய தொகுப்பை மூலத்திலிருந்து உருவாக்கும்போது, பிப் தனிமைப்படுத்திய சூழல் ஒன்றை அமைத்து, பதிப்பு வரம்பு சொல்லப்படாதபோது கிடைப்பதிலேயே புதிய செட்டப்டூல்ஸை இறக்குகிறது. பல ஆண்டுகளாக யாரும் தொடாத தொகுப்பு, அன்று காலை வெளியான பகுப்பானால் வாசிக்கப்பட்டது. தொகுப்பை எழுதியவர் எச்சரிக்கையைப் பார்த்ததே இல்லை. நிறுவியவருக்குக் கோப்பைத் திருத்தும் உரிமை இல்லை. தங்கள் கணினியில் செட்டப்டூல்ஸின் பழைய பதிப்பையே வைத்திருந்தவர்களில் பலருக்கும் அது உதவவில்லை, தனிமைச் சூழல் அதைக் கண்டுகொள்வதில்லை.

அதே நாளில் 78.0.2 வெளியாகி, மாற்றத்தைத் திரும்பப் பெற்று, இறுதிக் கெடுவை 2026க்குத் தள்ளியது. அதற்குப் பின்னும் இடைக்கோடிட்ட அந்த வரிகளைக் கான்ஃபிக்பார்சர் வாசித்துக் கொடுக்க, செட்டப்டூல்ஸ் அவற்றை அடிக்கோடாக மாற்றி எடுத்துக்கொண்டு, பழைய எச்சரிக்கையையே மீண்டும் அச்சிட்டது.